ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் (1864 அளவில் – ஜனவரி 5, 1943) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த வேளாண் அறிவியலாளர், தாவரவியலாளர், ஆசிரியர் ஆவார். அடிமையாகப் பிறந்த இவர் அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கிகீ கல்விக்கழகத்தில் 1896 முதல் இறக்கும் வரை 46 ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றினார். நிலக்கடலையிலிருந்து நூற்றுக்கணக்கான பொருட்களைச் செய்து காட்டியவர் என்றே பரவலாக அறியப்படுகிறார். ஆயினும் இவரது வாழ்நாட்பணியில் முதன்மையானது மண்ணைப் பற்றியது. இடைவிடாத பருத்திச் சாகுபடியால் வளமிழந்த மணற்பாங்கான நிலங்களைத் தட்டைப்பயறு, நிலக்கடலை, சோயா மொச்சை போன்ற அவரைக் குடும்பப் பயிர்களாலும் மட்கினாலும் மீட்பதற்கான வழிகளை இவர் ஆராய்ந்தார். அவ்வழிகளைக் கையில் காசில்லாத கறுப்பின உழவர்களிடம் கொண்டுசேர்க்க முயன்றார்.

பிறப்பும் இளமையும்

கார்வர் மிசூரி மாநிலத்தின் தென்மேற்கில், டயமண்ட் குரோவ் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணையொன்றில் பிறந்தார். அடிமைக் குழந்தைகளின் பிறப்பு முறையாகப் பதிவு செய்யப்படாத காலமாதலால் இவரது பிறந்த நாள் எங்கும் குறிக்கப்படவில்லை. மிசூரியில் அடிமைமுறை 1865 ஜனவரியில் ஒழிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னர் இவர் பிறந்தார். இவருடைய தாயார் மேரியைப் பண்ணை உரிமையாளரான மோசஸ் கார்வர் 1855-ஆம் ஆண்டில் 700 டாலருக்கு வாங்கியிருந்தார். தந்தை அண்டைப் பண்ணையொன்றில் அடிமையாக இருந்தவர் என்றும், ஜார்ஜ் பிறந்த காலத்தையொட்டி விபத்தில் இறந்துவிட்டார் என்றும் கூறப்படுகிறது.

உள்நாட்டுப் போரின் இறுதியில் அப்பகுதியில் கொள்ளைக் கூட்டங்கள் திரிந்தன. அத்தகைய கூட்டமொன்று கைக்குழந்தையான ஜார்ஜையும் தாயையும் கடத்திச் சென்றது. மோசஸ் கார்வர் ஆளனுப்பித் தேடியதில் குழந்தை மட்டுமே கிடைத்தது. மீட்டு வந்தவருக்குப் பந்தயக் குதிரையொன்று கூலியாகத் தரப்பட்டது. தாயார் திரும்பவேயில்லை. ஜார்ஜையும் அவருடைய அண்ணன் ஜேம்ஸையும் மோசஸ், சூசன் இணையர் தம் வீட்டில் வைத்து வளர்த்தனர்.

குழந்தைப் பருவத்தில் கக்குவான் இருமலால் நலிந்திருந்த ஜார்ஜால் வயல்வேலை செய்ய இயலவில்லை. சமையல், துணி வெளுத்தல், தையல் ஆகியவற்றைச் சூசனிடம் கற்றார். இவ்வேலைகளே பிற்காலத்தில் இவர் படிப்புக்கு வேண்டிய பணத்தை ஈட்டித் தந்தன. எஞ்சிய பொழுதைக் காட்டிலும் தோட்டத்திலும் கழித்தார். வாடிய செடிகளைத் தேற்றுவதில் கைதேர்ந்தவர் என அக்கம்பக்கத்தில் பெயர் பெற்றிருந்தார்.

கல்வி

உள்ளூர்ப் பள்ளியில் கறுப்பினச் சிறுவர்களுக்கு இடமில்லை. எனவே சுமார் 10 மைல் தொலைவிலுள்ள நியோஷோ ஊருக்குச் சென்று, அங்குக் கறுப்பினத்தவருக்கென நடந்த பள்ளியில் சேர்ந்தார். மரியா வாட்கின்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணியின் வீட்டில் வேலை செய்துகொண்டு தங்கிப் படித்தார். பின்னர் கன்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராகச் சென்று கல்வியைத் தொடர்ந்தார். போர்ட் ஸ்காட் நகரில் 1879-இல் கறுப்பினத்தவர் ஒருவரைக் கும்பலொன்று அடித்துக் கொன்று எரித்ததைக் கண்டு அவ்வூரை விட்டு நீங்கினார். மினியாபொலிஸ் என்னும் கன்சாஸ் சிற்றூரில் உயர்நிலைப் படிப்பை முடித்தார். அவ்வூரில் ஜார்ஜ் கார்வர் என்று இன்னொருவரும் இருந்ததால் தம் பெயரின் நடுவே ஆங்கில எழுத்தொன்றைச் சேர்த்துக்கொண்டார் என்றும், அதுவே பின்னர் வாஷிங்டன் ஆயிற்று என்றும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

1880களின் நடுவில் ஹைலேண்ட் என்னும் கல்லூரி இவரது விண்ணப்பத்தை அஞ்சல் வழியே ஏற்றுக்கொண்டது. நேரில் சென்றபோது கறுப்பினத்தவர் என்பதைக் கண்டு சேர்க்க மறுத்தது. மனமுடைந்த கார்வர் 1886-இல் மேற்குக் கன்சாஸின் நெஸ் மாவட்டத்தில் அரசு வழங்கிய 160 ஏக்கர் நிலத்தில் குடியேறி, புல்மண் கட்டிகளால் வீடு கட்டினார். 17 ஏக்கரைத் தம் கையாலேயே உழுது பண்படுத்தி மக்காச்சோளமும் காய்கறிகளும் பயிரிட்டார். மழை குறைந்த அப்புல்வெளியில் இரண்டாண்டுகளுக்கு மேல் அவரால் நிலைக்க இயலவில்லை. எனினும் மண்ணும் மழையும் கைவிடும்போது உழவன் படும் பாட்டை இவர் ஏட்டறிவாக மட்டும் அறியவில்லை என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம்.

1890-இல் ஐயோவா மாநிலத்தின் இண்டியனோலா நகரிலிருந்த சிம்ப்சன் கல்லூரியில் ஓவியமும் பியானோ இசையும் கற்கச் சேர்ந்தார். துணி வெளுத்துக் கொடுத்து வாழ்ந்தார். இவரது ஓவியங்களில் செடிகொடிகள் நுணுக்கமாக அமைந்திருப்பதைக் கண்ட ஓவிய ஆசிரியை எட்டா பட், ஏம்ஸ் நகரிலுள்ள ஐயோவா மாநில வேளாண் கல்லூரிக்குச் செல்லுமாறு ஊக்கினார். அவருடைய தந்தை அங்குத் தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்தார். 1891-இல் அக்கல்லூரியின் முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்த கார்வர் 1894-இல் இளநிலைப் பட்டமும் 1896-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். இதற்கிடையில் இவரது கள்ளி ஓவியமொன்று 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் பாராட்டுப் பெற்றது.

ஏம்ஸில் தாவர நோயியலறிஞர் லூயி பாமெலின் கீழ் பணியாற்றிய கார்வர் பூஞ்சைகளைச் சேகரிப்பதில் தனித்திறன் காட்டினார். டாப்ரினா கார்வெரி என்னும் பூஞ்சையினம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. அங்கு ஆசிரியராக இருந்த ஒருவரின் சிறுவயது மகனைத் தம் காட்டு நடைகளுக்கு அழைத்துச் சென்று செடிகளை இனங்காணக் கற்றுக்கொடுத்தார். அச்சிறுவன் பிற்காலத்தில் அமெரிக்க வேளாண் துறைச் செயலராகவும் துணைக் குடியரசுத் தலைவராகவும் விளங்கிய ஹென்றி வாலஸ் ஆவார்.

டஸ்கிகீக்கு வருகை

அலபாமாவின் டஸ்கிகீ நகரில் கறுப்பினத்தவருக்கான தொழிற்கல்வி நிறுவனத்தை நடத்திவந்த புக்கர் டி. வாஷிங்டன் 1896-இல் கார்வரை வேளாண் துறைத் தலைவராக அழைத்தார். ஆண்டுக்கு 1,000 டாலர் சம்பளமும், திருமணமாகாதவருக்கு வழக்கத்துக்கு மாறாக இரண்டு அறைகளும் தரப்பட்டன. இச்சலுகை உடன் பணியாற்றியோரிடையே தொடக்கத்திலேயே பொறாமையை விளைவித்தது.

1897-இல் அலபாமா சட்டமன்றம் டஸ்கிகீயில் வேளாண் ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவி, ஆண்டுக்கு 1,500 டாலர் ஒதுக்கியது. அதே மாநிலத்தில் ஆபர்ன் நகரில் வெள்ளையர் கல்லூரியோடு இணைந்திருந்த ஆய்வு நிலையத்திற்குக் கூட்டரசு நிதியாகவே ஆண்டுக்கு 15,000 டாலர் கிடைத்தது. ஆய்வுக்கருவிகளும் போதவில்லை. குப்பைமேட்டில் கிடந்த புட்டிகளையும் சட்டிகளையும் கொண்டு கார்வரும் மாணவர்களும் முதல் ஆய்வகத்தை அமைத்ததாகக் கூறப்படுகிறது.

நிலத்தின் நிலை

டஸ்கிகீ அமைந்துள்ள மேக்கன் மாவட்டம், கரிசல் மண்ணுக்குப் பெயர்பெற்ற பகுதியின் விளிம்பில் உள்ளது. ஆய்வு நிலையத்துக்குக் கிடைத்ததோ கரிசல் அன்று. மேலே இலேசான மணலும் அடியில் களியும் கொண்ட மேட்டுநிலம். ஏழை உழவர்களில் பலரிடம் இருந்ததும் இத்தகைய நிலமே.

மணற்பாங்கான மண்ணில் நீரும் சத்தும் தங்குவதில்லை. மழை மிகுந்த அலபாமாவில் தழைச்சத்து விரைவில் கரைந்து கீழிறங்கிவிடும். வெப்பம் மிகுதியாதலால் மண்ணிலிடும் தழையும் எருவும் வேகமாக மட்கி மறைந்துவிடும். களிமண்ணில் ஒருமுறை இட்ட எரு சில ஆண்டுகள் பயன் தரக்கூடும். மணலில் ஆண்டுதோறும் இடவேண்டும். பருத்தி இந்நிலத்தை வேறொரு வகையிலும் கெடுத்தது. பருத்திப் பஞ்சு மண்ணிலிருந்து எடுத்துச்செல்லும் சத்து மிகக் குறைவு. ஆனால் வரிசைகளுக்கிடையே களை இல்லாமல் கொத்திக்கொண்டே இருக்கவேண்டிய பயிர் ஆகையால் நிலம் மாதக்கணக்கில் மூடாக்கின்றிக் கிடந்தது. சரிவுகளில் மேல்மண் அரித்துச் செல்லப்பட்டு ஆழமான ஓடைகள் உண்டாயின. பெரும்பாலான உழவர்களிடம் ஒற்றைக் கோவேறு கழுதையும் சிறு கலப்பையுமே இருந்தன. மூன்று நான்கு அங்குல ஆழமே கீறப்பட்ட மண்ணில் மழைநீர் இறங்காமல் வழிந்தோடியது.

மண்ணை மீட்கும் முறைகள்

கார்வரின் முதற்கட்ட ஆய்வுகளில் கடையில் வாங்கும் உரங்களுக்கு இடமிருந்தது. ஏம்ஸில் அவர் கற்ற வேளாண்மையும் அதுவே. சில ஆண்டுகளுக்குள் அவ்வழி தம்மைச் சூழ்ந்திருந்த உழவர்களுக்கு உதவாது என்பதை உணர்ந்து, விலையில்லாமல் கிடைப்பவற்றின் பக்கம் திரும்பினார். காட்டில் விழுந்த இலைச்சருகு, சதுப்பு நிலத்தின் கருஞ்சேறு, தொழுவத்துச் சாணம், வீட்டுக் கழிவு ஆகியவற்றை அடுக்கடுக்காகக் குவித்து மட்கு உண்டாக்கும் முறையை வற்புறுத்தினார். ஆழ உழுதல், சரிவுகளில் வரப்பமைத்தல், குளிர்காலத்தில் நிலத்தை வெறுமையாக விடாமல் மூடுபயிர் வளர்த்தல் ஆகியன இவர் பரிந்துரைத்த மற்ற முறைகள். இம்மாற்றம் கார்வரின் ஆய்வு வாழ்வில் மிக முக்கியமான திருப்பமாகும். பிற்காலத்தில் வந்த புகழாரங்களில் இது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இவற்றுக்கெல்லாம் நடுவாக அமைந்தது பயிர்ச் சுழற்சி. அவரைக் குடும்பச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன என்பதை ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்பார்த் ஆகியோர் 1880களின் இறுதியில் நிறுவியிருந்தனர். கார்வர் கல்லூரியில் பயின்ற காலத்தில் இது புத்தறிவு. விலைகொடுத்து வாங்கவேண்டிய தழைச்சத்தைக் காற்றிலிருந்தே பெறலாம் என்பது கடன்பட்ட உழவருக்கு எத்தகைய செய்தி என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பருத்தி விளைந்த நிலத்தில் மறு ஆண்டு தட்டைப்பயறு, அதன்பின் சர்க்கரைவள்ளிக் கிழங்கு எனச் சுழற்றிப் பயிரிடுவதை இவர் ஆய்வு நிலையத்தில் செய்து காட்டினார். வெல்வெட் அவரை, தீவனப் பயறுகள், நிலக்கடலை, சோயா மொச்சை ஆகியவையும் அங்கு வளர்க்கப்பட்டன.

இவற்றுள் தட்டைப்பயறே கார்வரின் முதல் தேர்வாக இருந்தது. அதற்குத் தக்க காரணம் உண்டு. தட்டைப்பயறு வறட்சியையும் புளிப்புத்தன்மையுள்ள மணலையும் தாங்கும். அதன் வேரில் முடிச்சு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் தென்மாநில மண்ணில் இயல்பாகவே இருந்தன. சோயா மொச்சையின் நிலை வேறு. கிழக்காசியாவிலிருந்து வந்த அப்பயிருக்குரிய நுண்ணுயிர் அமெரிக்க மண்ணில் இல்லை. முன்பு சோயா விளைந்த வயலின் மண்ணைத் தூவியோ, வளர்த்தெடுத்த நுண்ணுயிரை விதையில் பூசியோ விதைத்தால் அன்றி முடிச்சு உண்டாகாது. முடிச்சில்லாத சோயா மற்றப் பயிர்களைப் போலவே மண்ணின் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். மணலில் அத்தகைய செடி மஞ்சளாகிக் குன்றும். புளிப்பு மிகுந்த மணலில் சுண்ணாம்பிடுதலும், ஈரம் காக்க மட்கு சேர்த்தலும், முதன்முறையாகச் சோயா விதைக்கும் நிலத்தில் விதைக்கு நுண்ணுயிர் பூசுதலும் இன்றும் மணற்பாங்கான நிலங்களில் சோயா விளைச்சலுக்கு அடிப்படையான முறைகளாக உள்ளன. பூச்சு இல்லாமலும் கடன் இல்லாமலும் விளையக்கூடிய பயிரையே கார்வர் முன்னிறுத்தினார்.

தம் முடிவுகளை எளிய நடையில் சிறு வெளியீடுகளாக எழுதினார். 1898 முதல் 1943 வரை இத்தகைய 44 வெளியீடுகள் வந்தன. முதலாவது, காட்டில் உதிரும் ஓக் மரக் கொட்டைகளைப் பன்றிக்குத் தீவனமாக்குவது பற்றியது. தட்டைப்பயறு பற்றியது 1903-இல் வந்தது. சத்திழந்த நிலத்தை மீட்பது பற்றியும், மணற்பாங்கான மேட்டுநிலத்தில் பருத்தி விளைவிப்பது பற்றியும் 1905-இல் இரண்டு வெளியீடுகள் வந்தன. பயிரிடும் முறைகளோடு சமையற்குறிப்புகளையும் சேர்த்தே அச்சிட்டமை இவ்வெளியீடுகள் பலவற்றின் தனித்தன்மை. உண்ணத் தெரியாத பயறை எந்த உழவரும் விதைக்கமாட்டார் என்பதை இவர் அறிந்திருந்தார்.

ஜெசப் வண்டி

உழவர்களில் பலர் எழுத்தறியாதவர்கள். டஸ்கிகீயில் நடந்த உழவர் மாநாடுகளுக்கும் மாதக் கூட்டங்களுக்கும் வர இயலாதவர்கள் அவர்களைவிட மிகுதி. ஆகவே பாடத்தை வயலுக்கே கொண்டுசெல்லத் திட்டமிட்டனர். நியூயார்க் செல்வர் மாரிஸ் ஜெசப்பின் நன்கொடையில் உருவாகி 1906-இல் புறப்பட்ட வண்டி அவர் பெயராலேயே ஜெசப் வண்டி எனப்பட்டது. கோவேறு கழுதைகள் இழுத்த அவ்வண்டியில் கலப்பைகள், விதைகள், உர மாதிரிகள், வெண்ணெய் கடையும் கருவி முதலியன இருந்தன. வண்டியை வடிவமைத்தவர் கார்வர். நடத்தியவர் இவருடைய மாணவர் தாமஸ் கேம்பல். கேம்பல் அதே ஆண்டில் அமெரிக்க வேளாண் துறையின் முதல் கறுப்பினக் களப் பணியாளராக நியமிக்கப்பட்டார். முதற்கோடையில் மாதத்திற்குச் சுமார் 2,000 பேரை வண்டி சென்றடைந்தது. பின்னாளில் வண்டியின் இடத்தை மோட்டார் ஊர்திகள் பிடித்தன.

கடனும் வாரமும்

மேக்கன் மாவட்டத்தின் கறுப்பின உழவர்களில் பெரும்பாலோர் சொந்த நிலம் இல்லாதவர்கள். நில உரிமையாளரிடம் வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பெற்று, விதை, உரம், உணவு, துணி அனைத்தையும் கடைக்காரரிடம் கடனாக வாங்கி, வரப்போகும் விளைச்சலை அடகாக வைத்து வாழ்ந்தனர். கடைக்காரர் அடகாக ஏற்ற பயிர் பருத்தி ஒன்றே. வட்டி மிகக் கடுமையாக இருந்தது. அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கையில் பலருக்கு எஞ்சியது அடுத்த ஆண்டுக்குத் தொடரும் கடன் மட்டுமே.

கார்வரின் சுழற்சி முறை இவ்விடத்தில்தான் தடைப்பட்டது. ஓர் ஆண்டு பருத்தியை விட்டுத் தட்டைப்பயறு விதைக்க வேண்டுமானால், அவ்வாண்டு கடன் கொடுப்பவர் யார் என்ற கேள்வி எழும். மண்வளம் பெருகச் சில ஆண்டுகள் ஆகும். வாரத்துக்கு உழுபவரோ அடுத்த ஆண்டு அதே நிலத்தில் இருப்பார் என்ற உறுதி இல்லை. அவர் வளப்படுத்திய நிலத்தின் பயன் உரிமையாளருக்கோ பின்வருபவருக்கோ போய்ச்சேரும். ஆழ உழுவதற்கு இரண்டு விலங்குகள் வேண்டும். ஒன்றே கடனில் வாங்கியதாக இருக்கும். கார்வரின் வெளியீடுகள் இச்சிக்கலை நேரடியாக எழுப்பவில்லை. அவர் அரசியல் பேசுவதைத் தவிர்த்தவர். புக்கர் வாஷிங்டனைப் போலவே உழைப்பும் சிக்கனமும் நாளடைவில் நிலவுடைமைக்கு வழிகாட்டும் என நம்பினார். இதனை அவரது பணியின் பெருங்குறையாக வரலாற்றாசிரியர்கள் சுட்டுகின்றனர். அக்காலத் தென்மாநிலத்தில் வெள்ளை அதிகாரத்தின் ஒப்புதலின்றி ஒருநாளும் இயங்க முடியாத நிறுவனமொன்றின் ஊழியர் வேறு என்ன எழுதியிருக்கக்கூடும் என்பதும் எண்ணத்தக்கது.

கார்வர் செய்தது கடைக்காரரிடம் வாங்கும் பொருட்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் முயற்சி. வீட்டுத் தோட்டம், ஓக் கொட்டை தின்னும் பன்றி, காட்டுப் பிளம் பழம், உண்ணத்தக்க களைக்கீரை, உள்ளூர்க் களிமண்ணில் செய்த சுவர்ப் பூச்சு, உலர்த்திய கிழங்கு என அவர் பரிந்துரைத்த ஒவ்வொன்றும் கடன் ஏட்டில் ஒரு வரியைக் குறைப்பதற்கானது. நிலக்கடலையிலும் சர்க்கரைவள்ளியிலும் அவர் தேடிய பயன்பாடுகளின் தொடக்கமும் இதுவே. பருத்திக்கு மாற்றாக விளைந்ததை விற்கச் சந்தையில்லை எனில் வீட்டிலேனும் பயன்பட வேண்டும் என்பது அவர் கணக்கு.

நிலக்கடலையும் புகழும்

மெக்சிகோவிலிருந்து 1892-இல் டெக்சஸுக்குள் நுழைந்த பருத்திக் காய்க் கூன்வண்டு 1910 அளவில் அலபாமாவை அடைந்து, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. பருத்தி அழிந்த இடங்களில் உழவர்கள் மாற்றுப் பயிர் தேடினர். மணற்பாங்கான தென்கிழக்கு அலபாமா நிலக்கடலைக்கு ஏற்றது. பூத்தபின் மண்ணுக்குள் இறங்கும் விழுதுகள் இளகிய மணலில் எளிதாகப் புகும். அறுவடையின்போது பிடுங்குவதும் எளிது. அப்பகுதியிலுள்ள என்டர்பிரைஸ் நகரத்தார் தங்களை நிலக்கடலைக்கு மாற்றி வளமாக்கியதற்காகக் கூன்வண்டுக்கே 1919-இல் நினைவுச்சின்னம் எழுப்பினர்.

இம்மாற்றத்தைக் கார்வர் ஒருவரே நிகழ்த்தினார் என்பது மிகை. வண்டின் தாக்குதலும், முதல் உலகப்போர்க் கால எண்ணெய்த் தேவையும், எண்ணெய் ஆலைகளும் பெரும்பங்கு வகித்தன. நிலக்கடலை பயிரிடும் முறையையும் 105 சமையற்குறிப்புகளையும் கொண்ட கார்வரின் புகழ்பெற்ற வெளியீடு 1916-இல் வந்தது. மண்வளம் பற்றிய நோக்கிலும் நிலக்கடலை தட்டைப்பயறுக்கு ஈடாகாது. காய், கொடி இரண்டையும் பிடுங்கி எடுத்துச்சென்றால் நிலைப்படுத்தப்பட்ட தழைச்சத்தில் பெரும்பகுதி நிலத்தை விட்டுப் போய்விடும். கொடியை நிலத்துக்கோ, தொழுவத்தின் வழியே எருவாகவோ திருப்பினால்தான் சுழற்சியின் பயன் கிட்டும்.

1921 ஜனவரியில் இறக்குமதி நிலக்கடலைக்குச் சுங்கவரி கோரிய விளைவிப்போர் சங்கத்தின் சார்பில் கார்வர் அமெரிக்கக் கீழவையின் வரிவிதிப்புக் குழு முன் தோன்றினார். பத்து நிமிடம் ஒதுக்கப்பட்டது. குழு உறுப்பினரொருவர் இவரது இனத்தைக் குறித்து ஏளனமாகக் கேட்ட கேள்வியைப் பொருட்படுத்தாது, தாம் கொண்டுவந்த பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி விளக்கினார். நேரம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. முடிவில் குழுவினர் கைதட்டினர். 1922-இன் சுங்கவரிச் சட்டத்தில் நிலக்கடலையும் இடம்பெற்றது. அன்று முதல் நாளேடுகள் இவரை நிலக்கடலை மனிதராக்கின. 1923-இல் கறுப்பின முன்னேற்றச் சங்கத்தின் ஸ்பிங்கார்ன் பதக்கம் கிடைத்தது. இலண்டன் அரச கலைக் கழகம் 1916-லேயே இவரை உறுப்பினராக்கியிருந்தது.

நிலக்கடலையிலிருந்து இவர் 300 பொருட்களைக் கண்டுபிடித்தார் எனப் பாடநூல்கள் கூறும். அப்பட்டியலில் பல சமையற்குறிப்புகள். பல ஒன்றின் வேறு வடிவங்கள். சில முன்னரே பிறர் அறிந்தவை. செய்முறைகளைக் கார்வர் முறையாக எழுதிவைக்கவில்லை. பெற்ற காப்புரிமைகள் மூன்று மட்டுமே. அவை 1925, 1927 ஆண்டுகளில் ஒப்பனைப் பொருள், வண்ணப்பூச்சு ஆகியவற்றுக்குத் தரப்பட்டவை. வணிக முயற்சிகள் வெற்றி பெறவில்லை. கடலை வெண்ணெய் இவருடைய கண்டுபிடிப்பு என்பதும் தவறு. கனடாவைச் சேர்ந்த மார்செலஸ் எட்சன் அத்தகைய பசைக்கு 1884-லேயே காப்புரிமை பெற்றிருந்தார்.

நிர்வாகச் சிக்கல்கள்

கார்வர் சிறந்த ஆசிரியர். நிர்வாகத்தில் அத்திறன் இல்லாதவர். கோழிப்பண்ணைக் கணக்கு, பால்பண்ணைக் குறைபாடு, குழு அறிக்கைகள் எனப் புக்கர் வாஷிங்டன் சுமத்திய வேலைகளால் சலிப்புற்றுப் பலமுறை பதவி விலகப்போவதாகக் கடிதம் எழுதினார். வாஷிங்டன் 1915-இல் இறந்தபின் பொறுப்பேற்ற இராபர்ட் மோட்டன் அச்சுமைகளை நீக்கினார். அதன்பின் வகுப்பறைப் பணியும் குறைந்து, சொற்பொழிவுப் பயணங்கள் பெருகின.

இறுதிக்காலம்

1929-இல் சி. எஃப். ஆண்ட்ரூஸ் டஸ்கிகீக்கு வந்ததைத் தொடர்ந்து கார்வருக்கும் மகாத்மா காந்திக்கும் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. காந்திக்கேற்ற மரக்கறி உணவு பற்றிக் கார்வர் எழுதினார். தம் வெளியீடுகளையும் அனுப்பினார். 1930களில் போலியோவால் முடங்கிய கால்களுக்கு நிலக்கடலை எண்ணெய் தேய்த்துவிட்டதாகச் செய்தி பரவ, நோயுற்றோர் கூட்டம் டஸ்கிகீயை மொய்த்தது. பயன் தந்தது எண்ணெயன்று, பிடித்துவிடுதலே எனப் பின்னர் அறியப்பட்டது.

வேளாண் விளைபொருட்களைத் தொழிற்சாலை மூலப்பொருளாக்கும் இயக்கத்தின் வழியாக 1937-இல் மோட்டார் தொழிலதிபர் ஹென்றி போர்டின் நட்புக் கிடைத்தது. சோயா மொச்சையிலிருந்து ஊர்திப் பாகங்களுக்கான நெகிழி செய்வதில் போர்டு பெரும்பணம் செலவிட்டு வந்தார். சோயாவின் தொழிற்பயன் போர்டின் ஆய்வகத்தாரின் ஆக்கம். அதனைக் கார்வருடையதாகச் சில நூல்கள் எழுதுவது பொருத்தமன்று. கார்வரோ 1936-இல் மீண்டும் மண்வளம் பற்றியே வெளியீடு எழுதினார். 1942-இல் போர்க்காலத்துக்கு ஏற்ற காட்டுக்கீரைகள் பற்றி எழுதினார்.

கீழே விழுந்து உடல் நலிந்த கார்வர் 1943 ஜனவரி 5 அன்று டஸ்கிகீயில் காலமானார். புக்கர் வாஷிங்டனின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். மணம் செய்துகொள்ளாத இவர், பல ஆண்டுகள் சம்பள உயர்வு கேளாமல் சேர்த்த ஏறத்தாழ 60,000 டாலரைத் தம் பெயரிலான ஆய்வு அறக்கட்டளைக்கும் அருங்காட்சியகத்துக்கும் விட்டுச்சென்றார். அவ்வருங்காட்சியகத்தில் 1947-இல் ஏற்பட்ட தீயில் இவருடைய ஓவியங்களில் பல அழிந்தன.

மதிப்பீடும் நினைவும்

1943 ஜூலையில் இவர் பிறந்த பண்ணை தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் கறுப்பினத்தவர் ஒருவருக்கு அமைந்த முதல் தேசிய நினைவிடம் இதுவே. 1948-இலும் 1998-இலும் அஞ்சல்தலைகள் வெளியாயின.

1976-இல் பாரி மேக்கின்டாஷ் எழுதிய கட்டுரையும் 1981-இல் லிண்டா மக்மரி எழுதிய வாழ்க்கை வரலாறும் நிலக்கடலைப் புகழின் மிகைகளைச் சான்றுகளுடன் களைந்தன. 2011-இல் மார்க் ஹெர்சி எழுதிய நூல் இவரைச் சூழலியல் நோக்கில் மண்ணைப் பேணியவராக மதிப்பிட்டது. கண்டுபிடிப்பாளர் என்ற பட்டம் சுருங்கச் சுருங்க, மண்ணைப் பற்றிய இவரது பணி மீண்டும் கவனம் பெற்றது.

டஸ்கிகீயைச் சூழ்ந்த நிலங்களின் வரலாறு தனி. பருத்தியாலும் அரிப்பாலும் பயிரிடத் தகுதியிழந்தவை என மதிப்பிடப்பட்ட பண்ணைகளைக் கூட்டரசு 1935 முதல் 1938 வரை விலைக்கு வாங்கியது. ஓடைகள் அடைக்கப்பட்டு மரங்கள் நடப்பட்டன. கார்வரின் ஜெசப் வண்டி சுற்றிய அதே மாவட்டத்தில், அந்நிலங்கள் 1959-இல் டஸ்கிகீ தேசியக் காடு என அறிவிக்கப்பட்டன. சுமார் 11,000 ஏக்கர் பரப்புள்ள அது ஐக்கிய அமெரிக்காவின் மிகச் சிறிய தேசியக் காடாகும்.